மீனம்மாவுக்குத் தைத்த போர்வை

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொல்லிவைத்தவன் நிச்சயமாக ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் குடியிருந்தவனாகத்தான் இருப்பான். வட்டவளைக்கு மேலே, மழை விட்டால் பனி, பனி விட்டால் மழை என்று கிடந்த அந்தத் தோட்டத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒற்றை அறைக் காம்பராவுக்குள் எட்டுப் பேரில் ஒருத்தியாக ஒண்டிக்கொண்டிருந்த சண்முகவடிவுக்கு அந்த எலியின் மேலேகூடப் பொறாமைதான். மாமியார் நாகலெட்சுமி, மூத்தார், ஓரகத்தி, அவர்களுடைய பிள்ளைகள் மூன்று, அப்புறம் வடிவும் அவள் புருசன் அழகுமுத்துவும். கல்யாணமாகி வந்த நாளில், மாமியாரின் பழைய சேலை ஒன்றைக் குறுக்கே கட்டி, அடுப்பு மூலையை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒதுக்கினது என்ன ஒதுக்கினது! காலை நீட்டினால் அடுப்புக்கல், கையை நீட்டினால் விறகுக்கட்டு.

அந்த மூலையில்தான் அவளுக்கு மூத்த பிள்ளை பிறந்தது. ஈர விறகுப் புகையில் இருமி இருமி ஒரு மழைக்காலத்தைக்கூட அது தாண்டவில்லை. "பச்சப்புள்ளைய இந்தப் பொகையில போட்டு வச்சிருந்தா அது எப்புடிம்மா தங்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள் தோட்டத்து மருத்துவச்சி. கேட்டாளே ஒரு கேள்வி! வேறு எங்கே போடுவது என்று அந்த மகராசி சொன்னாளா? சொல்லவில்லை. இப்போது வடிவு மறுபடியும் வயிற்றுப்பிள்ளைக்காரி. ஆடி கடைசியில் பேறுகாலம் என்று கணக்கு. வயிறு ஏற ஏற அவளுக்கு அந்த அடுப்பைப் பார்த்தாலே நெஞ்சு அடைத்தது.

அடுத்த காம்பராவில் வீரய்யாவும் மீனம்மாவும் இருந்தார்கள். இரண்டே பேர். மீனம்மாவுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் மடியில் வளர்ந்தவர்கள். பெண்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் அவள்தான் ஆயா. வடிவின் பிள்ளை கடைசி மூச்சு விட்டதும் அவள் மடியில்தான். அந்த இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர், எல்லா லயத்துச் சுவரையும் போலவே, கூரை வரைக்கும் போகாது. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே நல்ல இடைவெளி. "வடிவு, உப்பு இருக்காடி?" என்று அந்தப் பக்கம் குரல் கேட்கும், வடிவு சிரட்டையில் உப்பை வைத்து, அகப்பைக் காம்பில் தொங்கவிட்டுச் சுவருக்கு மேலே நீட்டுவாள். கூடப் பிறந்தவள்கூட அப்படி ஒட்டுதலாக இருக்கமாட்டாள்.

அது ஐம்பத்து நாலாம் வருசம். பிரஜாவுரிமை கேட்டு எழுதிப்போட்டவர்களில் பல பேருக்கு இல்லையென்று பதில் வந்துகொண்டிருந்த காலம். வீரய்யாவுக்கும் அப்படித்தான் வந்தது. அவன் ரோசக்காரன். "வேணாம்னு சொல்ற ஊர்ல நமக்கு என்னா வேலை? இந்தியாவுக்குக் கப்பலேறிருவோம்" என்று சொல்லிவிட்டான். மீனம்மா அழுது பார்த்தாள், அவன் மசியவில்லை. ஆனி மாதம் பயணம் என்று முடிவானது. சேதி கேட்ட அன்றைக்கே அழகுமுத்து போய் ஆண்டியப்பன் கங்காணியின் வாசலில் நின்றான். "வீரய்யா போனா அந்தக் காம்பரா ஒனக்குத்தான்டா, போ" என்று கங்காணி வாக்குக் கொடுத்தார்.

வடிவு அன்றைக்கு அழுதாள். மீனம்மா போகிறாளே என்றுதான் அழுதாள், அது பொய்யில்லை. ஆனால் அழுதுகொண்டே, அந்தக் காம்பராவில் அடுப்பை எந்த மூலைக்கு மாற்றினால் புகை வெளியே போகும் என்றும் யோசித்தாள். அதுவும் பொய்யில்லை.

போர்வை தைக்கிற யோசனை பேச்சியம்மாவுடையது. பேச்சியம்மா கங்காணியின் பெண்சாதி. அவள் ஒன்று சொன்னால் லயத்தில் மறுபேச்சுக் கிடையாது. "எல்லாப் புள்ளையையும் வளத்துவிட்டவ. வெறுங்கையோட அனுப்புனா நம்ம மூஞ்சியில காறித் துப்புவாங்க. காம்பராவுக்கு ஒரு கட்டம். பழைய சேலையில ஒட்டுப்போட்டு ரெண்டு சாண் சதுரமாத் தச்சுக் கொண்டாங்க. வடிவு சேத்துத் தைக்கட்டும்" என்றாள். அந்த லயத்தில் தையல் கை வடிவுக்குத்தான். அவள் போட்ட தையலைப் பிரிக்க வேண்டுமென்றால் கத்திதான் வேண்டும் என்பார்கள்.

இதைக் கேட்டு, இந்தியாவில் பிறந்து வந்த ஒரே ஆளான இராமையாக் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடியே, அங்க வெயிலு மண்டையப் பொளக்கும்டி! போர்வையப் போத்திக்கிட்டு அவ அவிஞ்சு சாகவா?"

"வெயிலடிச்சா விரிச்சுப் படுத்துக்கிடட்டும். நீங்க ஒங்க சோலியப் பாருங்க பெருசு" என்றாள் பேச்சியம்மா. அவள் மேல் குற்றமில்லை. குளிரில் பிறந்து குளிரில் வளர்ந்த சனம்; ஒருத்தி மேல் பிரியம் வந்தால் போர்த்திவிடத்தான் தெரியும்.

மீனம்மாவின் காம்பராவை விட்டுப் பத்தொன்பது கட்டம் வந்து சேர்ந்தது; வடிவு தனக்கென்று ஒன்றைச் சேர்த்து இருபதாக்கினாள். அப்புறம்தான் வேடிக்கை. ரெண்டு சாண் என்றால் யாருடைய சாண் என்று ஒருத்தியாவது கேட்டிருக்க வேண்டாமா? அவரவர் கையால் அவரவர் அளந்திருந்தார்கள். பேச்சியம்மாவின் கை பலாப்பழத்தை ஒற்றைக் கையால் தூக்குகிற கை. அவள் கட்டம் நாலு விரற்கடை கூடுதலாக நின்றது. நாகலெட்சுமிக்குக் கொழுந்து கிள்ளியே விரல்கள் மடங்கிப்போயிருந்தன. அவள் கட்டம் கைக்குட்டைக்கு அக்காள் மாதிரி இருந்தது. பேச்சியம்மாவின் கட்டத்தில் கத்தரி வைக்க யாருக்குத் தைரியம் வரும்? வடிவு வைத்தாள். ஓரத்தை வெட்டிக் குறைத்து, சின்னக் கட்டங்களுக்குச் சேலைக் கரையைச் சுற்றிலும் வைத்துப் பெரிதாக்கி, எல்லாவற்றையும் ஓர் அளவுக்குக் கொண்டுவந்தாள்.

அவளுடைய கட்டம் எந்தச் சேலை தெரியுமா? மூத்த பிள்ளையைத் தாலாட்ட ஏணை கட்டியிருந்தாளே, அந்த ஊதாச் சேலை. அதை வெட்டித் தைத்து மீனம்மாவிடம் காட்டியபோது மீனம்மா அதைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். "மத்ததெல்லாம் வழியில தொலைஞ்சாலும் இது மட்டும் எங்கூட வரணும் வடிவு" என்றாள்.

கட்டங்களைச் சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கண்டபடி ஒட்டிக்கொண்டே போக முடியாது. முதலில் எல்லாவற்றையும் தரையில் விரித்து, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று பார்க்க வேண்டும். பிறகு நாலு நாலாக வரிசை கட்டித் தைத்து, வரிசையோடு வரிசையைச் சேர்க்க வேண்டும். மேல் வரிசையின் தையல் ஓரத்தை இடப்பக்கம் மடித்தால் கீழ் வரிசையை வலப்பக்கம் மடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு கட்டம் கூடுகிற மூலை முண்டுகட்டிக்கொண்டு நிற்கும். இதெல்லாம் வடிவுக்குத் தெரியும். ஆனால் விரித்துப் பார்க்க இடம் எங்கே இருக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வரிசையை விரித்தாள், ஓரகத்தியின் நடுப்பயல் மேலே ஏறி மிதித்துக்கொண்டு ஓடினான், கடைக்குட்டி ஒன்றுக்குப் போனது, நாகலெட்சுமி, "நா எங்கடி உக்காருறது? கூரையிலயா?" என்று கேட்டாள். சுருட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குத்துமதிப்பாகத் தைக்க ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் கடவுச்சீட்டு வருவதற்குத் தாமதமாகிவிட்டது. ஆனி மாதமும் முடியப் போனது. ஆடியில் யாராவது குடி பெயர்வார்களா? "ஆடி கழியட்டும், ஆவணியில நல்ல நாளாப் பாத்துப் போறோம்" என்றான் வீரய்யா. லயமே சந்தோசப்பட்டது. இன்னும் ஒரு மாதம் மீனம்மா இருப்பாளே! வடிவு மட்டும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வந்தது ஒரு மழை நாள். அடைமழையில் கொழுந்து எடுக்க முடியாமல் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். வீரய்யாவும் மீனம்மாவும் அட்டன் டவுனுக்குக் கடவுச்சீட்டு விசயமாகப் போகக் குடையோடு இறங்கியதை வடிவு காலையில் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். காம்பராவுக்குள் அடுப்பு புகைந்தது. வடிவு கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

நாகலெட்சுமி கெட்டவள் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. "என்னாடி ஊசி இந்த ஓட்டம் ஓடுது? அவுக போறது ஆவணியிலதானே? மெதுவாத் தையி. அதுக்குள்ள ஒனக்கும் பேறுகாலம் முடிஞ்சிரும். மூத்ததப் பெத்த மூலையிலயே இதையும் பெத்துக்க. எல்லாம் மாரியாத்தா பாத்துக்குவா."

மூத்ததைப் பெத்த மூலை. அந்தச் சொல்தான் வடிவைக் கிளப்பிவிட்டது. ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"இந்த மூலையில இன்னொரு புள்ளையப் பெத்துக் குழியில வைக்கவா அத்தை? போறேன்னு சொன்னவ போய்த் தொலைய வேண்டியதுதானே! புள்ளையா குட்டியா, ரெண்டு உசுருக்கு ஒரு காம்பராவா? மலட்டு மூதேவிக்கு நாளு நச்சத்திரம் வேற கேக்குதாக்கும்!"

சொல்லி வாயை மூடவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

நாகலெட்சுமி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடியும் ஓர் இருமல். காய்ச்சல்காரி அடக்கி அடக்கி இருமுகிற இருமல். பாதி வழியில் குளிர் காய்ச்சல் வந்து, புருசனை மட்டும் அனுப்பிவிட்டு மீனம்மா திரும்பி வந்து படுத்திருக்கிறாள். இவர்கள் மலையிலிருந்து வருவதற்கு முன்பே வந்திருக்கிறாள். இது யாருக்குத் தெரியும்? சுவருக்கும் காது உண்டு என்பார்கள். லயத்துச் சுவருக்குக் காது எதற்கு? அதற்குத் தலையே இல்லை. ஒரு பக்கம் பேசினால் மறுபக்கம் போய் விழும். பிறந்ததிலிருந்து லயத்தில் கிடந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆத்திரத்துக்குத் தெரியவில்லை.

வடிவு ஓடிப்போய்க் காலில் விழுந்துவிடலாமா என்று நினைத்தாள். என்ன சொல்லி விழுவது? கொட்டின பாலை அள்ளலாமா? அன்றைக்கு முழுதும் சுவருக்கு மேலே எந்தக் குரலும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பெண்களுக்கும் முன்னால் மீனம்மா சொன்னாள். "கடவுச்சீட்டு வந்திருச்சு. வர்ற வெள்ளிக்கெழம நாங்க கெளம்புறோம்."

"ஆடியிலயா? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடி?" என்று பேச்சியம்மா கத்தினாள். ஆளாளுக்கு வாயைத் திறந்தார்கள். குடி விளங்காது என்றார்கள், கப்பல் ஆடும் என்றார்கள்.

"நாடு விட்டு நாடு போறவளுக்கு ஆடி என்னா, ஆவணி என்னாக்கா? போற உசுரு என்னைக்கிப் போனாலும் ஒண்ணுதான்" என்றாள் மீனம்மா. வீரய்யாவை எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். பிறகு குடத்தோடு நின்ற வடிவின் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "போர்வைய முடிச்சிருவியா?"

"முடிச்சிருவேன்க்கா."

"சாமானெல்லாம் கட்டியாச்சு. காம்பரா காலியாத்தான் கெடக்கு. அங்க வந்து விரிச்சுத் தையி. ஒங்க காம்பராவுல எடமேது?"

அந்த வார்த்தையில் குத்தல் எதுவும் இல்லை. வடிவுக்குக் குத்தியது.

அடுத்த நாள் வேலை விட்டு வந்ததும் அவள் போனாள். ஆசை ஆசையாக நினைத்துக்கொண்டிருந்த காம்பரா! சுவரெல்லாம் வெறுமையாக, தரை மெழுகி, வாசலை ஒட்டிய மூலையில் அடுப்பு. புகை நேராக வெளியே போனது. அந்தத் தரையில் ஐந்து வரிசையையும் விரித்தாள். முதல் தடவையாகப் போர்வை முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தது. லயத்துப் பெண்கள் அத்தனை பேரின் சேலையும் தரையில் கிடந்தது. தன் ஊதாக் கட்டத்தை நடு வரிசையில் வைப்பதாகத்தான் முதலில் நினைத்திருந்தாள். அந்தப் பேச்சைப் பேசிய பிறகு நடுவில் வைக்கக் கை வரவில்லை. கடைசி வரிசையின் கோடியில், மூலையில் வைத்துத் தைத்திருந்தாள்.

கடைசித் தையல் ஒன்றுதான் பாக்கி. கீழ் வரிசையை மேலே உள்ளதோடு சேர்க்கிற நீளத் தையல். மீனம்மா இன்னோர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். ஒருத்தி அந்தக் கோடியிலிருந்தும் ஒருத்தி இந்தக் கோடியிலிருந்தும் தைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு ஊசியும் நடுவில் சந்திக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று வடிவு மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். ஒவ்வொரு கட்டமாகத் தாண்டி வந்தது.

"அக்கா... அன்னிக்கி நா..."

"அடுப்புக்கு மேல இருக்க கூரை வளையில ஏணை கட்டிராத" என்றாள் மீனம்மா, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது உளுத்துப்போச்சு. அடுப்புக்கு எதிர்ப்பக்கத்து வளை கெட்டியானது. அதுல கட்டு. சாரல் அடிக்காது, பொகையும் வராது."

வடிவு தன் பக்கத்துக் கடைசித் தையலை இழுத்தாள். மீனம்மா முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள். போர்வையை மடித்துத் தன் பெட்டியின் மேல் வைத்தாள். "நல்லாத் தச்சிருக்க" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அங்கே உட்கார்ந்திருக்க ஒரு காரணமும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் லயமே வாசலில் கூடிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மீனம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தின. பேச்சியம்மாவே தேம்பினாள். போர்வை மூட்டை ஒன்றுக்குள் இருந்தது. அதன் ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது. மீனம்மா ஒவ்வொருத்தியாகக் கட்டிப்பிடித்து விடைபெற்றாள். வடிவிடம் வந்தபோது அவள் வயிற்றில் கையை வைத்தாள். "நல்லாப் பொறந்து நல்லா இருக்கட்டும்" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. காம்பராச் சாவியை உள்ளங்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அழகுமுத்துவும் மற்ற ஆண்களும் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஸ்டேசனுக்கு அவர்கள் கூடவே போனார்கள்.

கீழே ரயில் கூவுவது கேட்டபோது வடிவு பூட்டைத் திறந்தாள்.

மீனம்மா தரையைப் பெருக்கி வைத்திருந்தாள். அடுப்பில் சாம்பல் இல்லை. அடுப்புக்கு எதிர்ப்பக்கத்து வளையில் புதுக் கயிறு ஒன்று இரட்டை முடிச்சாகக் கட்டித் தொங்கியது, ஏணைக்கு. கயிற்றுக்கு நேர் கீழே, தரையில், நாலாக மடித்தபடி, அந்த ஊதாக் கட்டம் இருந்தது.

வடிவு உட்கார்ந்து அதைக் கையில் எடுத்தாள். அறுத்து எடுத்திருந்தால் ஓரம் கிழிந்திருக்கும். கிழியவில்லை. ராவெல்லாம் உட்கார்ந்து, ஒவ்வொரு தையலாக, ஊசி முனையால் நெம்பி நெம்பிப் பிரித்திருந்தாள். வடிவின் தையலைப் பிரிக்கக் கத்திதான் வேண்டும் என்பார்கள். மீனம்மாவுக்குக் கத்தி வேண்டியிருக்கவில்லை. லயத்தின் எல்லாச் சேலையும் அவளோடு கப்பலேறப் போயிருந்தது. இது மட்டும் கூட வரணும் என்றவள் இதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

வயிற்றிலிருந்து ஒரு கேவல் கிளம்பி மேலே வந்தது. சரியாக அந்த நேரத்தில் சுவருக்கு மேலிருந்து நாகலெட்சுமியின் குரல் வந்து விழுந்தது.

"என்னாடி வடிவு, சத்தத்தையே காணோம்? காம்பரா எப்புடி இருக்கு?"

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். சுவர் இந்தப் பக்கத்திலிருந்தும் அதே உயரம்தான். அந்தப் பக்கம் ஓரகத்தி பிள்ளையை அதட்டுவதும், நாகலெட்சுமி வெற்றிலை இடிப்பதும் பக்கத்திலேயே நடப்பது மாதிரி கேட்டது. இந்தக் காம்பராவில் வாய்விட்டு ஒரு அழுகை அழுவதற்குக்கூட இடமில்லை. அவள் ஊதாக் கட்டத்தைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கி ஓயும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை வாயிலிருந்து எடுத்தாள்.

"நல்லா இருக்கு அத்தை" என்றாள்.